செகண்டரி கிளெய்மை வி.ஏ. நிராகரித்துவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோது வந்த காயத்துக்கும் நோய்க்கும் அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறை மாதாமாதம் இழப்பீடு தருகிறது. அதற்கு வரி கிடையாது. அதைக் கேட்டுப் போடும் மனுதான் கிளெய்ம். அந்தத் துறையை எல்லோரும் வி.ஏ. என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். தமிழில் இதை எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். குடியுரிமை இல்லாதவர்களையும் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தில் ராணுவம் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் அந்தக் கதவு மூடப்படுவதற்கு முன், மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் வந்தவர்கள் அந்த வழியாகச் சேர முடிந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்து சேர்ந்த நம் பிள்ளைகளும் உண்டு. பிள்ளைக்கு வந்த கடிதத்தை அப்பாவும் அம்மாவும் தமிழில் பேசித்தான் புரிந்துகொள்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, வி.ஏ. அங்கீகரித்த பிரதிநிதியும் இல்லை. வலது முழங்கால் சரியில்லாத ஒரு முன்னாள் சிப்பாய், அவ்வளவுதான். யாராவது கடிதத்தோடு வந்தால் உட்கார்ந்து படித்துச் சொல்வேன். படிவத்தை நிரப்பித் தர மாட்டேன், அதற்கு அங்கீகாரம் வேண்டும்.

செகண்டரி என்றால் என்ன?

ராணுவத்தில் உங்கள் வலது முழங்கால் போய்விட்டது. அதைப் பணியால் வந்தது என்று வி.ஏ. ஏற்றுக்கொண்டு, பாதிப்பு இத்தனை சதவீதம் என்று மதிப்பும் போட்டுவிட்டது. இது பிரைமரி. அந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடந்ததில் ஆறேழு வருஷம் கழித்து இடுப்பு, அதாவது கீழ் முதுகு, பிடித்துக்கொள்கிறது. இடுப்புக்கு ராணுவத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முழங்கால் நன்றாக இருந்திருந்தால் இடுப்பும் நன்றாக இருந்திருக்கும். இந்த இடுப்புதான் செகண்டரி.

அமெரிக்க மத்திய அரசின் விதித் தொகுப்பில் இது 38 சி.எஃப்.ஆர். 3.310 என்ற விதி. மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். இப்போது நோய் இருக்கிறது என்று டாக்டர் எழுதிய டயக்னோசிஸ், ஏற்கெனவே ஏற்கப்பட்ட ஒரு பிரைமரி, இரண்டையும் இணைக்கும் சங்கிலி. முதல் இரண்டும் பெரும்பாலும் கையில் இருக்கும். வழக்கு தோற்பது மூன்றாவதில்தான். இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் அந்தச் சங்கிலியைப் பற்றியே இருக்கும்.

எந்தெந்த நோய்களுக்கு இப்படிக் கேட்கலாம்?

இதற்கென்று முடிந்த பட்டியல் எதுவும் இல்லை. அடிக்கடி வருபவற்றைச் சொல்கிறேன். ஏற்கப்பட்ட சர்க்கரை நோயால் கால் நரம்பு மரத்துப்போவது, சிறுநீரகம் கெடுவது. தீராத வலியால் மனச்சோர்வு. முதுகு வலிக்காக வருஷக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரையால் வயிற்றுக் கோளாறு. ஒரு முழங்காலால் இன்னொரு முழங்கால். மருந்தின் பக்கவிளைவும் கணக்கில் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சில இடங்களில் சங்கிலியை விதியே போட்டுக்கொடுத்துவிடுகிறது. ஒரு காலை முழங்காலிலோ அதற்கு மேலோ வெட்டி எடுத்திருந்தால், பிறகு வரும் இதய நோயை அதன் விளைவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தலையில் அடிபட்டு மூளைக் காயம் ஏற்கப்பட்டிருந்தால், காயத்தின் கடுமையையும் இடைப்பட்ட காலத்தையும் பொறுத்து பார்க்கின்சன் போன்ற நடுக்கம், வலிப்பு, மறதி நோய், மனச்சோர்வு, சில ஹார்மோன் குறைபாடுகள் ஆகியவற்றுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. அந்த வகையில் வருபவர்கள் நெக்சஸ் லெட்டருக்கு, அதாவது இந்தச் சங்கிலியை விளக்கி டாக்டர் எழுதும் கடிதத்துக்கு, செலவு செய்யும் முன் விதியின் (சி), (டி) பிரிவுகளைப் பார்த்துவிடுங்கள்.

நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கடிதத்தின் மேலே இருக்கும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு அந்தத் தேதியிலிருந்து ஒரு வருஷம். எனக்கு வந்த ஒரு கடிதத்தைச் சமையலறை டிராயரில் கரண்ட் பில்களோடு போட்டுவிட்டுப் பத்தரை மாதம் கழித்துத்தான் எடுத்தேன். தப்பு முழுக்க என்னுடையது. மிச்சமிருந்த ஆறு வாரத்தில் ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது.

அப்புறம் கடிதத்தைப் பென்சிலோடு படியுங்கள். 'ஃபேவரபிள் ஃபைண்டிங்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும், உங்களுக்குச் சாதகமாக அவர்கள் ஒப்புக்கொண்டவை. 'இடுப்பில் தேய்மானம் இருப்பது உறுதியாகியுள்ளது' என்று அங்கே இருந்தால் அதை மறுபடி நிரூபிக்க வேண்டாம். அப்பட்டமான தவறு என்று காட்டினாலொழிய அடுத்து பார்ப்பவர் அதை மாற்ற முடியாது. மிச்சம் என்ன குறை என்று பாருங்கள். 'தொடர்பு இருப்பதாக மருத்துவச் சான்று இல்லை' என்றிருந்தால் உங்களிடம் ஒரு காகிதம் குறைகிறது. 'பரிசோதித்த டாக்டர் தொடர்பு இல்லை என்றார்' என்றிருந்தால் ஒரு காகிதம், அதாவது வி.ஏ. ஏற்பாடு செய்த பரிசோதனையின் அறிக்கை, உங்களுக்கு எதிராக இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

கூடவே 20-10206 படிவம் போட்டு உங்கள் முழுக் கோப்பையும் கேளுங்கள். எதிராக எழுதிய டாக்டர் என்ன எழுதினார் என்பதை வரிக்கு வரி பார்க்காமல் பதில் சொல்வது இருட்டில் கல் எறிவதுதான்.

மூன்று வழி இருக்கிறது என்கிறார்கள். எதில் போவது?

2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 19-இல் நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டுச் சீர்திருத்தச் சட்டம் இந்த மூன்று வழிகளைத் திறந்தது.

சப்ளிமென்டல் கிளெய்ம், படிவம் 20-0995. புதிய, விஷயத்துக்குத் தொடர்புள்ள சான்று ஏதாவது கொடுக்க வேண்டும். ஹையர் லெவல் ரிவியூ, படிவம் 20-0996. புதிதாக ஒரு தாள்கூடக் கொடுக்க முடியாது. அதே கோப்பை மூத்த அதிகாரி ஒருவர் புதிதாகப் பார்ப்பார். கேட்டால் போனில் ஒரு தடவை பேசவும் விடுவார்கள். மூன்றாவது, போர்டு அப்பீல், அதாவது மேல்முறையீட்டு வாரியத்திடம் போவது, படிவம் 10182. வாஷிங்டனில் இருக்கும் நீதிபதி பார்ப்பார். அதிலும் மூன்று வரிசை: இருப்பதை வைத்து முடிவு, மனு போட்ட 90 நாளுக்குள் சான்று சேர்ப்பது, நீதிபதியோடு விசாரணை. விசாரணையை வீட்டிலிருந்தே வீடியோவில் நடத்தலாம்.

செகண்டரி வழக்குகளுக்கு என் அபிப்பிராயம் இது. கோப்பில் நெக்சஸ் லெட்டர் இல்லையென்றால் சப்ளிமென்டல்தான். வேறு யோசனையே வேண்டாம். இல்லாத சான்றை எத்தனை மூத்த அதிகாரி பார்த்தாலும் அது இல்லாததுதான். கோவத்தில் பலர் நேரே ஹையர் லெவலுக்குப் போய் நாலைந்து மாதத்தை வீணாக்குகிறார்கள். நல்ல கடிதம் கோப்பில் இருந்தும் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் நிராகரித்திருந்தால், அல்லது பரிசோதனை அறிக்கையிலேயே ஓட்டை இருந்தால், அப்போது ஹையர் லெவல் நல்ல ஆயுதம். போர்டுக்கு அதிக காலம் பிடிக்கும். டாக்டருக்கு டாக்டர் மோதும் வழக்குகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹையர் லெவலில் தோற்றால் உடனே இன்னொரு ஹையர் லெவல் போட முடியாது, மற்ற இரண்டுக்கும் போகலாம். போர்டிலும் தோற்றால் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. அங்கே கெடு 120 நாள்தான், ஒரு வருஷம் இல்லை.

இன்னொரு குழப்பம். இடுப்பைப் பற்றி இதுவரை கேட்டதே இல்லை, முழங்காலுக்கு மட்டும்தான் முடிவு வந்தது என்றால் அது மேல்முறையீடே இல்லை. புதிய கிளெய்ம், படிவம் 21-526 ஈ.இசட்.

நெக்சஸ் லெட்டர் எப்படி இருக்க வேண்டும்? என் டாக்டர் இரண்டு வரி எழுதித் தந்தார், ஏற்கவில்லையே?

அந்த இரண்டு வரி எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 'இவரது இடுப்பு வலி முழங்காலால் வந்திருக்கலாம்.' இந்த 'லாம்' தான் எமன். சட்டம் கேட்பது ஐம்பதுக்கு ஐம்பது. ஆங்கிலத்தில் அதற்கென்று ஒரு வாசகமே இருக்கிறது, 'அட் லீஸ்ட் ஆஸ் லைக்லி ஆஸ் நாட்'. டாக்டர் அந்தச் சொற்களையே எழுதினால் நல்லது. நிச்சயம் என்று அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. தராசு இரண்டு பக்கமும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே என்று சட்டமே சொல்கிறது. 'இருக்கலாம்' என்பது அந்தச் சமநிலைக்குக்கூட வராது.

ஆனால் வாசகம் மட்டும் போதாது. 2008-இல் நியேவ்ஸ்-ரோட்ரிகஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்னது இதுதான்: மருத்துவக் கருத்தின் எடை அதிலுள்ள காரண விளக்கத்தில் இருக்கிறது. டாக்டர் கோப்பைப் பார்த்தாரா என்பதை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. ஏன், எப்படி என்று டாக்டர் எழுத வேண்டும்.

அதே முழங்காலுக்கு நல்ல கடிதம் எப்படிப் போகும் என்றால்: இவரை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். வலது காலில் எடை போடாமல் இடது பக்கம் சாய்ந்து நடப்பதை இன்ன வருஷத்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன். இப்படி நடந்தால் இடுப்பு எலும்பு ஒரு பக்கம் சாய்ந்து, கீழ் முதுகின் மூட்டுகளில் சுமை சரிசமமாக விழாது. எக்ஸ்ரேயில் தேய்மானம் இன்ன இடத்தில் இருக்கிறது, அது இதோடு பொருந்துகிறது. வயது ஒரு காரணம்தான், ஆனால் அதை மட்டும் வைத்து இந்த வயதில் இந்த அளவை விளக்க முடியாது. ஆகவே ஐம்பது சதவீதமாவது வாய்ப்பு உண்டு. இவ்வளவுதான், ஒரு பக்கம் போதும். எதிர்த்தரப்பு சொல்லப்போகும் 'வயது' என்ற பதிலைக் கடிதமே முன்கூட்டி எடுத்துப் பேசிவிடுகிறது பாருங்கள், பாதி வேலை அங்கே முடிந்துவிடும்.

டாக்டரைக் குறை சொல்லவில்லை. பதினைந்து நிமிஷத்தில் நோயாளியைப் பார்த்து அனுப்புகிறவருக்கு இந்த விதி எப்படித் தெரியும்? நிராகரிப்புக் கடிதத்தையும் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துக்கொண்டு போய், 'இதற்குப் பதில் வேண்டும்' என்று கேளுங்கள்.

நோய் முன்பே இருந்தது. பிரைமரியால் மோசமாகத்தான் ஆனது. இதற்கும் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 1995-இல் ஆலன் வழக்கில் நீதிமன்றம் இதை ஏற்றது, 2006-இல் விதியிலேயே எழுதிச் சேர்த்தார்கள். நோயை உண்டாக்கியதா என்பது ஒரு கேள்வி. இருந்த நோயை, அது தானாக முற்றும் அளவைத் தாண்டி மோசமாக்கியதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் கேளுங்கள்.

இதில்தான் பரிசோதனை அறிக்கைகள் வழுக்கி விழுகின்றன. 'இடுப்பு நோய் முழங்காலால் வந்ததல்ல' என்று எழுதிவிட்டு டாக்டர் நிறுத்திவிடுவார். மோசமாக்கியதா என்பதற்குப் பதிலே இருக்காது. 2013-இல் எல்-அமீன் வழக்கில் நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது: 'தொடர்பில்லை' என்று பொதுவாகச் சொல்வது மோசமாதல் பற்றிய பதிலாகாது. உங்கள் அறிக்கையில் இந்த ஓட்டை இருந்தால், ஹையர் லெவல் போன் பேச்சில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் அதுதான்.

ஒரு நிபந்தனை உண்டு. மோசமாவதற்கு முன் நோய் எந்த அளவில் இருந்தது என்பதற்கு மருத்துவக் குறிப்பு வேண்டும். அந்த அளவைக் கழித்துவிட்டு, ஏறிய பங்குக்குத்தான் சதவீதம் கிடைக்கும். பழைய மருத்துவச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

பிரைமரி நோயால் உடம்பு பெருத்து, அதனால் வேறு நோய் வந்தது. எடைக்கு இழப்பீடு கிடையாதாமே?

எடைக்குக் கிடையாது, சரி. ஆனால் எடை நடுவில் ஒரு கண்ணியாக நிற்கலாம். வி.ஏ.வின் சட்டப்பிரிவே 2017-இல் இதை எழுதிக்கொடுத்திருக்கிறது. முழங்காலால் நடமாட்டம் குறைந்து எடை ஏறியதா, அந்த எடை தூக்கத்தில் மூச்சுத் திணறல் வருவதற்கு முக்கியக் காரணமா, எடை ஏறாமல் இருந்திருந்தால் அந்த நோய் வந்திருக்காதா: இந்த மூன்றுக்கும் டாக்டர் 'ஆம்' என்று காரணத்தோடு எழுத வேண்டும். வருஷா வருஷம் ஏறிய எடையின் கணக்கு உங்கள் மருத்துவக் குறிப்பிலேயே இருக்கும். அதை ஒரு தாளில் வரிசையாக எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.

சங்கிலி எவ்வளவு நீளலாம் என்பதற்கு 2023-இல் வந்த ஸ்பைசர் வழக்கைச் சொல்லலாம். அவருக்கு ரத்தப் புற்றுநோய், அது ஏற்கப்பட்ட பிரைமரி. அதற்கான மருந்தால் ரத்தத்தில் சிவப்பணு அளவு இறங்கி, நடக்கவிருந்த முழங்கால் அறுவை சிகிச்சை நின்றுபோனது. முழங்காலைக் கெடுத்தது புற்றுநோய் இல்லை. ஆனால் அது இல்லாதிருந்தால் முழங்காலுக்குச் சிகிச்சை நடந்திருக்கும். 'இது இல்லாவிட்டால் அது இல்லை' என்ற இந்த வகைக் காரணமும் சட்டத்தின் சொல்லுக்குள் அடங்கும் என்று ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மனைவியும் நண்பர்களும் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு உண்டா?

உண்டு. படிவம் 21-10210 அதற்குத்தான். ஆனால் அவர்கள் டாக்டர் ஆகிவிடக் கூடாது. 'முழங்காலால்தான் இடுப்பு போனது' என்று மனைவி எழுதினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 'மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குகிறார், மூத்தவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்திலிருந்து இப்படித்தான்' என்று எழுதினால் அது சான்று. கண்ணால் பார்த்தது, எப்போதிலிருந்து, எத்தனை தடவை.

என் வீட்டில் பழைய ஷூவைத் தூக்கிப் போடுவதை நிறுத்திவிட்டேன். இடது ஷூவின் குதிகால் வெளிப்பக்கம் வெண்ணெய் வெட்டினமாதிரி சரிந்திருக்கிறது. அதே ஜோடியின் வலது ஷூ கிட்டத்தட்டப் புதுசு. அடிப்பாகத்தைப் படம் எடுத்து டாக்டரிடம் காட்டினேன். 'சாய்ந்து நடக்கிறார்' என்ற வரி என் மருத்துவக் குறிப்பில் ஏறியது அன்றைக்குத்தான்.

ஒரு வருஷக் கெடு தப்பிவிட்டது. எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. புதிய சான்றோடு சப்ளிமென்டல் எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஜெயித்தால் பணம் பழைய தேதியிலிருந்து வராது, பொதுவாகப் புதிதாகப் போட்ட தேதியிலிருந்துதான். கெடுவுக்குள் ஏதாவது ஒரு வழியில் தொடர்ந்துகொண்டே இருந்தால் முதல் தேதி உயிரோடு இருக்கும். ஒரு நாள் தாமதத்தில் போவது சில சமயம் வருஷக்கணக்கான பாக்கித் தொகை.

50 சதவீதமும் 30 சதவீதமும் சேர்ந்தால் 80 தானே?

இல்லை. முதல் 50 போக மிச்சம் 50 உங்களிடம் 'நல்லபடியாக' இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அந்த 50-இல் 30 சதவீதம் 15. ஆக 65, அதைப் பத்துக்கு முழுதாக்கி 70. இரண்டு கால்களிலும் பாதிப்பு ஏற்கப்பட்டிருந்தால் அந்த இரண்டின் கூட்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் உண்டு. பள்ளிக்கூடக் கணக்கு இங்கே செல்லாது.

வக்கீல் வைக்கலாமா? எவ்வளவு ஆகும்?

டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் காசு வாங்காமல் பார்ப்பார்கள், முதலில் அங்கே போங்கள். வக்கீலோ அங்கீகாரம் பெற்ற ஏஜென்டோ முதல் முடிவு வருவதற்கு முன் கட்டணம் வாங்கக் கூடாது. அதற்குப் பிறகு, கிடைக்கும் பாக்கித் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமான கட்டணமாக எடுத்துக்கொள்ளப்படும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமில்லை என்றே கருதப்படும்.

'சதவீதம் ஏறினால் ஏறிய மாதத் தொகையைப் போல ஐந்து மடங்கு கொடுங்கள்' என்று யாராவது ஒப்பந்தம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கீகாரம் இருக்கிறதா என்று வி.ஏ. இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும்.

இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன். மதுரை டாக்டர் எழுதினால் ஏற்பார்களா?

டாக்டர் எந்த நாட்டுக்காரர் என்பது தடையில்லை, காரண விளக்கம்தான் முக்கியம். ஆங்கிலத்தில், பட்டமும் பதிவு எண்ணும் போட்டு, லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். தமிழில் இருக்கும் சீட்டுகளை மொழிபெயர்த்து இணையுங்கள். இழப்பீடு இந்தியாவில் இருந்தாலும் வரும். ஏற்கப்பட்ட நோய்க்கான சிகிச்சைச் செலவுக்கு ஃபாரின் மெடிக்கல் புரோகிராம் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. செகண்டரி ஏற்கப்பட்டால் அதுவும் அதில் சேரும். முகவரி மாறியதைச் சொல்ல மறக்காதீர்கள். பரிசோதனைக்கு அழைத்த கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விட்டால், வரவில்லை என்று இருக்கிற காகிதத்தை வைத்தே முடிவு எழுதிவிடுவார்கள்.

கேஸைக் கிளறினால் இருக்கிற சதவீதமும் போய்விடுமா?

இடுப்பைப் பற்றிக் கேட்டதற்காக முழங்காலில் கை வைப்பது வழக்கமில்லை. நடக்கவே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். பத்து வருஷமாக ஏற்கப்பட்டிருக்கும் தொடர்பை மோசடி போன்ற காரணம் இல்லாமல் ரத்து செய்ய முடியாது. இருபது வருஷம் தொடர்ந்து இருந்த சதவீதத்தையும் மோசடி இல்லாமல் குறைக்க முடியாது. சதவீதம் புதிதாகக் கிடைத்தவர்கள் பிரதிநிதியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மேல்முறையீடு நடக்கும்போதே அவர் இறந்துவிட்டார். நான் தொடரலாமா?

இதைக் கேட்பது பெரும்பாலும் மனைவிமார்தான். தொடரலாம் அம்மா. இறந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் 21பி-0847 படிவம் கொடுத்தால் வழக்கில் அவர் இடத்தில் உங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து போகும், வழக்கு நிற்கும் வழியைப் பொறுத்துச் சான்றும் சேர்க்கலாம். இறப்புக்குக் காரணமே அந்த நோயாக இருந்தால் துணைவருக்கான மாத உதவித்தொகைக்குத் தனியாக மனு போடலாம். மேலே சொன்ன எல்-அமீன் வழக்கும் கணவர் இறந்த பிறகு மனைவி நடத்தியதுதான். இறப்புச் சான்றிதழில் 'காரணம்' என்ற கட்டத்தில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.